எந்தப் பள்ளம்? தோட்டத்து வேனும் நாலு டயர் சென்சரும்

போன மாதம் பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. சனி ஞாயிறும் சேர்த்து மூன்று நாள். என்னோடு வேலை செய்கிறவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். நான் நாலு டயர் சென்சரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. வேன் ஓட்டுகிற அண்ணன் அங்கேதான் தொடர்ந்து ஓட்டியாக வேண்டும்.

போனதற்குக் காரணம் ஒரு போன் கால். சித்தி மகள் தர்ஷினி பேசினாள். உயர்தரம் முதல் வருடம், உயிரியல் படிக்கிறாள்.

"அக்கா, திங்கக்கிழமையில இருந்து வேன் இல்லாமப் போகும் போல இருக்கு."

தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசனில் இருந்து ஐந்து பெண் பிள்ளைகள் மணி அண்ணனின் வேனில் டவுன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். மூன்று வாரத்துக்கு முன், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே பின் டயர் வெடித்துவிட்டது. ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் வேன் நின்ற இடத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அகலம்தான் மிச்சமாம். அதன்பிறகு பெற்றோர் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களே வேனில் ஏறி டவுனுக்குப் போய்ப் பார்ப்பார்கள். மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் வேனை நிறுத்திவிடுவார்கள். வேன் நின்றால் படிப்பும் நின்றது. மெயின் ரோட்டில் முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. அதைப் பிடிக்க இருட்டில் ஒன்பது கிலோமீட்டர் இறங்கி நடக்க வேண்டும். ஐந்தில் மூன்று பேருக்குக் கொழும்பில் வேலைகூடப் பார்த்துவைத்துவிட்டார்கள். இருவருக்குத் துணிக்கடை, ஒருத்திக்கு ஒரு வீட்டில் வேலை.

இந்தக் கதையின் மிச்சம் எனக்குத் தெரியும். நான் பதினோராம் ஆண்டு சாதாரணதரம் முடித்த வருடம் அந்த ரோட்டில் வேனே கிடையாது. பதினேழு வயதில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடைக்கு வந்தேன். எட்டு வருடமாக பேரிங்கும் பிரேக் பேடும் விற்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு ரோடு எனக்காகத் தேர்ந்தெடுத்தது.

அதனால்தான் சென்சர். டயரில் காற்றடிக்கும் வால்வுக்கு ஒரு சின்ன மூடி இருக்குமல்லவா, அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகுகிற மூடிதான் இது. உள்ளே பட்டன் பேட்டரி. டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று புளூடூத் வழியாகச் சொல்லும், குறைந்தால் கத்தும். தனித் திரையோடு வருகிற செட் எங்கள் கடையில் 24,000 ரூபாய். திரை இல்லாமல் போனிலோ டேப்லெட்டிலோ பார்க்கிற செட் 11,500. கடைப் பிள்ளை என்று எனக்கு 9,000க்குக் கொடுத்தார்கள். டேப்லெட் ஏற்கனவே மேலே இருந்தது. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில் யாரோ ஒரு நன்கொடையாளர் வந்து, ஐந்து குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார். சிக்னல் இல்லாத டிவிசனுக்கு ஒன்லைன் வகுப்புக்காக டேப்லெட். அது இத்தனை வருடமும் படம் பார்க்கத்தான் உதவியது.

வெள்ளி காலை 6.10க்கு கொழும்பில் பஸ். 225 ரூபாய். 8.20க்கு அவிசாவளை. அங்கிருந்து தெஹியோவிட்டவுக்கு 60 ரூபாய், முப்பது நிமிடம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஹார்ட்வெயார் கடை. உபரியாகப் பட்டன் பேட்டரி வாங்கலாம் என்று ஏறினேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், என் கையில் இருந்த மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நாலும் எவ்வளவு மகள்?"

சொன்னேன்.

"ஒம்பதாயிரமா! வால்வு மூடி எண்டா நான் இங்க சும்மா குடுப்பேனே."

"இது பேசும் நானா."

"என்ட வீட்டிலயும் நாலு பேர் பேசுறாங்க, ஒருத்தரும் காசு கேக்கல்ல." சிரித்துவிட்டு, மேசை இழுப்பறையில் இருந்து கையால் அழுத்திப் பார்க்கிற பழைய கேஜ் ஒன்றை எடுத்துத் தந்தார். "மெஷின நம்புங்க. இதையும் வெச்சிக்கோங்க. போகக்குள்ள தந்தாச் சரி."

அந்தக் கேஜ் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மானத்தை வாங்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

பத்தரைக்கு மணி அண்ணன் வேனோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். முன்பு பாக்டரி லொறி ஓட்டியவர். ஒரு ஆளுக்கு 150 ரூபாய். மெயின் ரோட்டில் இருந்து மேல் டிவிசன் ஒன்பது கிலோமீட்டர். முதல் ஐந்து தார், அடுத்த நாலு கல். தோட்டத்து கேட்டில் வாச்சர் "கொஹெத யன்னே?" என்று எங்கே போகிறோம் என்பதை விசாரித்து வேன் நம்பரை எழுதிக்கொண்டார். மணி அண்ணனின் நம்பரை அவர் தினமும் எழுதுகிறார். ஒன்பது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது.

வழி அழகுதான், மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் பால் வடிய ஒரு சிரட்டை, அதைத் தாங்க ஒரு கம்பி. டயர் செய்கிறவர்களுக்குப் பால் அனுப்புகிற தோட்டம் இது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் போகிற வேனில் ஓடுவது, தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய டயர். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. படம் எடுக்க வருகிறவர்கள் மரத்தை எடுங்கள். அப்படியே குனிந்து ரோட்டையும் ஒரு படம் எடுங்கள்.

சனி காலை ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் வேலையை ஆரம்பித்தோம். விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற திடல் அது. டிவிசனில் தட்டையான இடம் அது ஒன்றுதான். வேனின் முகம் மலை ஏறும் திசையைப் பார்த்திருந்தது. நானும் தர்ஷினியும் மணி அண்ணனும். பத்து நிமிட வேலை என்று சொல்லியிருந்தேன். இரண்டே கால் மணி நேரம் ஆனது.

முதல் பிழை என்னுடையது. டேப்லெட்டின் புளூடூத் பக்கத்துக்குப் போய், ஹெட்போன் தேடுவது போலத் தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டு மாதமாக இதை விற்கிறேன். ஒரு தடவைகூடப் பூட்டிப் பார்த்ததில்லை. இந்த மூடிகளை அங்கே தேடவே கூடாது. அவற்றுக்கான செயலியைத் திறந்து, அதற்குள்ளேதான் சேர்க்க வேண்டும். செயலியை என் போனில் கொழும்பிலேயே இறக்கிவைத்திருந்தேன். அங்கிருந்து டேப்லெட்டுக்கு அனுப்பினோம். பிறகும் வரவில்லை. டேப்லெட்டில் இடம் காட்டும் வசதி அணைந்திருந்தது. அதைப் போட்டதும் வந்தது. வந்தது எப்படி என்றால் நாலும் ஒன்றாக வந்தன. எது எந்த டயர் என்று எப்படித் தெரியும்? தர்ஷினி ஓடிப்போய் சித்தியின் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். மூன்றை டின்னில் போட்டு மூடி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் வால்வில் திருகினோம். அது ஒன்று மட்டும் திரையில் வந்தது. இப்படியே நாலு தடவை.

மலிவான செயலி. வண்டிப் படம்கூடக் கிடையாது. ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் நாமே பெயர் போட வேண்டும்.

"எழுது தர்ஷினி," என்றார் மணி அண்ணன், வேனைச் சுற்றி நடந்துகொண்டே. "இது மேட்டு முன். இது மேட்டுப் பின். அங்கிட்டு ரெண்டும் பள்ளத்து முன், பள்ளத்துப் பின்."

"இடது, வலதுன்னு போடுவோமா அண்ணே?" என்றேன்.

"இந்த ரோட்டுல இடது வலதுக்கு என்னா வேல தங்கச்சி? ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளம் எதுன்னு தெரிஞ்சா போதும், பொழச்சுக்கலாம்."

அந்த டிவிசனில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். மேட்டு லயம், பள்ளத்து லயம். பஸ்ஸில் ஏறினால்கூட "மேட்டுப் பக்கம் உக்காரு" என்பார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. இந்த ஊருக்குத் தகுந்த பெயர் என்று பெருமையாகக்கூட இருந்தது. முன் டயருக்கு 36, பின் டயருக்கு 40 என்று காற்று வைத்தோம். முன் டயர் 30க்குக் கீழ், பின் டயர் 33க்குக் கீழ் போனால் கத்தும்படி அமைத்தோம். மணி அண்ணன் ஒரு டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிப் பார்த்தார். கத்தியது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணி. ஏழு பெற்றோர் ஏறினார்கள். முன் சீட்டில் நான், மடியில் டேப்லெட். எனக்குப் பின்னால் பாக்கியம் அக்கா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர் மகளுக்குத்தான் அந்த வீட்டு வேலை பார்த்திருந்தது. பக்கத்தில் ராஜேந்திரன் அண்ணன். வேனை நிறுத்தவேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்.

"டயர் மாத்தச் சொன்னா டேப்லெட்ட மாட்டியிருக்கான்," என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"அண்ணே, ரெண்டு டயர் மாத்திட்டேன்," என்றார் மணி அண்ணன்.

"புதுசா?"

மணி அண்ணன் வண்டியை எடுத்தார்.

கல்ரோட்டில் மூன்றாவது கிலோமீட்டர். டேப்லெட் கத்தியது. 'பள்ளத்துப் பின்' என்ற கட்டம் சிவப்பாக இருந்தது: 32. மணி அண்ணன் உடனே நிறுத்தினார். பள்ளத்துக்குப் பயந்து எப்போதும் மேட்டோடு ஒட்டித்தான் நிறுத்துவார். அவர் கதவுக்கும் மண் கரைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான். எல்லாரும் ஏறும் கதவு வழியாகப் பள்ளத்துப் பக்கம் இறங்கினோம். பின் டயரைப் பார்த்தோம். கல் மாதிரி இருந்தது. நானாவின் கேஜை வைத்து அழுத்தினேன். 40.

"நாப்பது காட்டுது," என்றேன்.

"பொட்டி என்னா சொல்லுது?"

"முப்பத்திரண்டு."

ராஜேந்திரன் அண்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெடிச்ச அன்னிக்கு வந்து எம் புள்ள ரெண்டு நாள் பேசல. படிப்பு வேணாம்னா நான் சொல்றேன்? உசுரோட இருக்கட்டும்னு சொல்றேன். பொய் சொல்ற பொட்டிய நம்பி எப்புடிங்க அனுப்புறது?"

மணி அண்ணன் சத்தத்தை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாரும் ஏறினார்கள். அறுநூறு மீட்டர் போயிருப்போம். சத்தம் இல்லாமல் அந்தக் கட்டம் மறுபடி சிவந்தது: 27. ஒரு மூடி பொய் சொன்னால் ஒரே பொய்யைச் சொல்லும் என்று நினைத்திருந்தேன். இது இறங்கிக்கொண்டே போனது. முன்னால் கொண்டை ஊசி வளைவு. போன தடவை டயர் வெடித்த வளைவு.

"நிப்பாட்டுங்க அண்ணே."

"மறுபடியுமா?" என்றார் பாக்கியம் அக்கா. "இப்ப என்னா சொல்லுது?"

"பள்ளத்துப் பின் குறையுதுன்னு சொல்லுது அக்கா."

பாக்கியம் அக்கா தோளுக்கு மேலாக எட்டி டேப்லெட்டைப் பார்த்தார். "எந்தப் பள்ளம்? நேத்து ஏறப் பாத்து நின்னப்ப இருந்த பள்ளமா, இப்ப எறங்குறப்ப இருக்கிற பள்ளமா? உன் பொட்டிக்கு வண்டி திரும்புனது தெரியுமா?"

கிண்டலாகத்தான் கேட்டார். வேனுக்குள் நாலு பேர் சிரித்தார்கள். நேற்று வேன் மலையைப் பார்த்து நின்றது; பள்ளம் டிரைவர் பக்கம். இன்று வேன் இறங்குகிறது. பள்ளம் கதவுப் பக்கம். மேடும் பள்ளமும் இடம் மாறியிருந்தன. மூடிகள் மாறவில்லை. பள்ளத்துப் பின் என்று நாங்கள் பெயர் வைத்த டயர், இப்போது மண் கரையோடு ஒட்டி, ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது.

மணி அண்ணன் என்னைப் பார்த்தார். வண்டியைக் கரையில் இருந்து இரண்டு அடி தள்ளி நிறுத்திவிட்டு இறங்கினார். நானும் ஓடினேன். டிரைவர் பக்கத்துப் பின் டயர் கீழே பிதுங்கியிருந்தது. குனிந்தால் சீறும் சத்தம் கேட்டது. சிரட்டை கட்டுகிற கம்பித் துண்டு ஒன்று, பென்சில் நீளத்துக்கு, கோணலாக ஏறியிருந்தது.

"நம்ம கம்பிதான்," என்றார் பாக்கியம் அக்கா, தொட்டுப் பார்த்து. "எந்த மலையில எவன் போட்டான்னு தெரியல."

ராஜேந்திரன் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கியை எடுத்தார். சில்லு மாற்ற இருபத்தைந்து நிமிடம். மூடியைக் கழற்றி மாற்றுச் சில்லின் வால்வில் திருகினேன். டேப்லெட்டில் கட்டம் பச்சையானது. நான் அதைக் காட்டியபோது அவர் டேப்லெட்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். அது சரியான பழக்கம்தான்.

எட்டரைக்கு டவுன். பஞ்சர் ஒட்ட 600 ரூபாய். டயர் கடை பெஞ்சில் பிளேன்டீ குடித்துக்கொண்டே முடிவு பேசினார்கள்.

"இன்னிக்கும் டயர் போச்சுல்ல," என்றார் ராஜேந்திரன் அண்ணன். "நான் சொன்னது சரிதானே?"

"போன தடவ வெடிச்சுச்சு. இன்னிக்கு வெடிக்கல," என்றார் பாக்கியம் அக்கா. "இதப் பாக்கத்தானே ஏழு பேரு ஏறி வந்தோம்? எம் புள்ள போகட்டும். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நானே கோல் பண்ணி வரமாட்டான்னு சொல்றேன்."

"அப்ப பொட்டிய யாரு பாக்குறது? மணி ரோட்டப் பாப்பானா, பொட்டியப் பாப்பானா?"

"புள்ளைங்க பாக்கட்டும். நாளைக்கு ஒருத்தி. உம் மகளும்தான்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு "பேர மொதல்ல மாத்துங்க," என்றார். அவ்வளவுதான். அவர் சம்மதம் அப்படித்தான் வந்தது.

அங்கேயே மாற்றினோம். மணி அண்ணன்தான் புதுப் பெயர் சொன்னார்: "டிரைவர் முன், டிரைவர் பின், கதவு முன், கதவுப் பின். ஸ்டியரிங் எங்கயும் ஓடாது." மேலே திரும்பியதும் தர்ஷினி மூடி ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிற நகப் பொலிஷால் புள்ளி வைத்தாள், டேப்லெட்டின் பெயர்களோடும் அந்த நிறத்தின் பெயரைச் சேர்த்தாள். பாக்கியம் அக்கா இன்னொரு காரியம் செய்தார். பாக்டரியில் காற்றடிக்கும் மெஷின் இருக்கிறது. தோட்டத்து லொறிக்கு மட்டும்தான் என்று இதுவரை சட்டம். திங்கள் காலைப் பெரட்டில், எல்லார் முன்னாலும், பிள்ளைகள் வேனுக்கும் வேண்டும் என்று தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டாராம். வாரத்தில் இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. மிச்ச நாளுக்கு மணி அண்ணன் கால் பம்ப் வாங்கியிருக்கிறார்.

திங்கள் 5.40க்கு நானும் அதே வேனில் இறங்கினேன். ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். ராஜேந்திரன் அண்ணனின் மகள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வளைவில் ஒரு தடவை பயந்து, பிறகு தூங்கிவிட்டாள். தர்ஷினி அதைப் பிடுங்கிக்கொண்டாள். போகிற வழியில் நானாவின் கேஜைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த நேரத்துக்குக் கடை திறக்கவில்லை. திறந்திருந்த டயர் கடையில், அவரிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

தோட்டத்து ரோட்டில் சொந்த வண்டியில் போக நினைக்கிறவர்களுக்குச் சொல்லச் சில விஷயங்கள் இருக்கின்றன. செயலியை மேலே ஏறும் முன் இறக்கிக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் இருக்காது. சென்சர்களை ஒன்று ஒன்றாகச் சேருங்கள். மற்றவை தகர டின்னுக்குள் இருக்கட்டும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பார்த்து அளவை அமையுங்கள். ஓடியபின் டயர் சூடாகிக் கணக்கு கூடிக் காட்டும். திருகிய பிறகு வால்வில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பாருங்கள். டேப்லெட்டில் பேட்டரி சேமிக்கும் வசதி போட்டிருந்தால் அது செயலியைச் சத்தமில்லாமல் மூடிவிடும், அதை அணைத்துவிடுங்கள். ஒரு கை கேஜ் எப்போதும் இருக்கட்டும். டேப்லெட்டும் கேஜும் சண்டை போட்டால், நீங்கள் நிற்பது சரியான டயர் பக்கம்தானா என்று முதலில் பாருங்கள். சக்கரத்துக்குப் பெயர் வைக்கும்போது, வண்டியோடு சேர்ந்து திரும்புகிற பெயராக வையுங்கள்.

இன்னொன்று. நான் விற்கிற பொருள் என்பதால் நானே சொல்கிறேன்: இது ரோட்டுக்குப் பதில் இல்லை. நாலு கிலோமீட்டருக்குத் தார் போட வேண்டியவர்கள் ஒருவரும் இந்தக் கட்டுரையைப் படித்து நிம்மதி அடைய வேண்டாம். புது டயருக்கும் காசு சேர்க்கிறோம். பின் டயர் இரண்டும் வாங்கியாயிற்று.

மெயின் ரோட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் தர்ஷினி தினமும் டேப்லெட் காட்டுகிற எண்களைப் போனில் எழுதி அனுப்புகிறாள். நாலு எண்கள், வேறு ஒன்றும் இருக்காது. இன்று காலை வந்தது: 36, 40, 36, 34.

34 எது என்று கேட்டேன்.

"கதவுப் பின். மணி மாமா எறங்கி பம்ப் அடிச்சிக்கிட்டு இருக்காரு. லேட்டாகிருச்சு அக்கா, பெல் அடிக்கிறதுக்குள்ள ஓடணும்."